நிழலும் கோணமும்: அஸர் நேரத்தின் கணக்கு

ஃபிக்ஹு வகுப்பில் தொழுகை நேரங்கள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு ஒரு மடங்கானதும் அஸர் தொடங்கும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. இரு மடங்கானதும் தொடங்கும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்து. இரண்டிலும் நடுப்பகல் நிழல் கணக்கில் சேராது என்று விளக்கியபோது ஒரு மாணவர் எழுந்தார். மேல்நிலைப் பள்ளியில் கணிதம் பயின்றுவிட்டு அரபுக் கல்லூரிக்கு வந்தவர் அவர். "நடுப்பகல் நிழலே இல்லாத நாளில், நிழல் ஒரு மடங்காகும்போது சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கிறது. இரு மடங்காகும்போது அதில் பாதி, அதாவது 22½ பாகையில் நிற்கும். அப்படித்தானே உஸ்தாத்?" என்று கேட்டார். வகுப்பில் பெரும்பாலோர் தலையசைத்தார்கள்.

கேள்வியின் முற்பகுதி சரி, பிற்பகுதி தவறு. ஆனால் அது அந்த மாணவருடைய தவறு மட்டுமன்று. முக்கோணவியலில் கோடேன்ஜென்ட் என்ற சொல்லையும் அதன் வாய்பாட்டையும் அவர் மனனம் செய்திருந்தார். தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றிருந்தார். தாம் மனனம் செய்த அந்த அளவும், ஃபிக்ஹுக் கிதாபில் தாம் வாசிக்கும் நிழலும் ஒன்றே என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளி ஆசிரியர் நிழலைப் பற்றிப் பேசவில்லை. நாம் கோணத்தைப் பற்றிப் பேசவில்லை.

முதலில் கோலை நடுவோம். சமமான தரையில் செங்குத்தாக ஒரு கோல். அதன் உச்சியைத் தொட்டு வரும் ஒளிக்கதிர் தரையில் முடியும் இடம் நிழலின் நுனி. கோல், நிழல், கதிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம். நிழலின் நுனியில் அமையும் கோணமே தொடுவானிலிருந்து சூரியன் எழுந்து நிற்கும் உயரம். ஏற்றக்கோணம் என்று பாடநூல் கூறுவதும் இதுவே. அந்தக் கோணத்துக்கு அடுத்துள்ள பக்கம் நிழல், எதிர்ப்பக்கம் கோல். அடுத்துள்ள பக்கத்தை எதிர்ப்பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது கோடேன்ஜென்ட் என்பது பள்ளி வாய்பாடு. அதையே நிழல் என்ற சொல்லால் கூறுவதானால், கோலின் நீளத்தைப் போல் நிழல் எத்தனை மடங்கு என்பதுதான் கோடேன்ஜென்ட். ஃபகீஹுகள் பேசும் 'மிஸ்லு' என்ற மடங்கும் இதுவே.

இனி இந்த மடங்கு எவ்வாறு வளர்கிறது என்று பார்ப்போம். கோலைப் பன்னிரண்டு விரல் என்று கொள்வோம். முன்னோர் கொண்ட அளவும் அதுதான். சூரியன் நேர் உச்சியில், 90 பாகையில் நிற்கும்போது நிழல் இல்லை. 75 பாகைக்கு இறங்கினால் நிழல் 3.2 விரல். 60 பாகையில் 6.9 விரல். 45 பாகையில் சரியாக 12 விரல். 30 பாகையில் 20.8 விரல். 15 பாகையில் 44.8 விரல். சூரியன் ஒவ்வொரு முறையும் 15 பாகைதான் இறங்கியது. நிழலோ முதல் இறக்கத்தில் மூன்று விரலளவே நீண்டது. கடைசி இறக்கத்தில் 24 விரல் நீண்டுவிட்டது. 5 பாகையில் அது 137 விரலாகிவிடும். தொடுவானைத் தொடும் கணத்தில் அளவே இராது. நடுப்பகலில் நிழல் நகராததுபோல் கிடப்பதையும், மக்ரிபை நெருங்கும்போது ஓடுவதையும் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருக்கும் எவரும் கண்ணால் கண்டிருப்பர்.

ஆகவே நிழல் இரட்டித்தால் கோணம் பாதியாகும் என்பது பிழை. கோணமும் நிழலும் ஒன்றையொன்று தொடர்பவைதாம். ஆனால் ஒரே விகிதத்தில் நடப்பவை அல்ல. கோடேன்ஜென்ட் 2 ஆகும் கோணம் 26½ பாகைக்குச் சற்று மேல். மாணவர் சொன்ன 22½ பாகையில் நிழல் இரு மடங்கையும் கடந்து 2.4 மடங்காகியிருக்கும். அன்று மாலையே கல்லூரி முற்றத்தில் ஒரு மீட்டர் கோலை நட்டு, தூக்குக்குண்டு கட்டி நிமிர்த்தி, நிழல் இரண்டு மீட்டரைத் தொட்ட கணத்தில் கோலின் உச்சியிலிருந்து நிழலின் நுனிவரை நூலை இழுத்துப் பிடித்தோம். கோணமானி 26½ஐக் காட்டியது. சூரியன் 22½ பாகைக்கு இறங்கும்வரை காத்திருக்குமாறு அவரிடமே சொன்னோம். ஏறக்குறைய பதினேழு நிமிடங்கள் ஆயின.

நிழலுக்கு இன்னொரு முகமும் உண்டு. சூரியனை நேரே நோக்கி நிற்கும் ஒரு சுவரில் அதே பன்னிரண்டு விரல் கோலைக் கிடையாக முளைபோல் அடித்துவைத்தால், அதன் நிழல் சுவரில் கீழ்நோக்கி விழும். சூரியன் 30 பாகையில் இருக்கும்போது தரைக்கோலின் நிழல் 20.8 விரல் என்று கண்டோம்; சுவர்முளையின் நிழல் அப்போது 6.9 விரலே. சூரியன் 60 பாகைக்கு ஏறினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்: தரையில் 6.9, சுவரில் 20.8. 45 பாகையில் இரண்டும் சமம். எந்த நேரத்தில் அளந்தாலும் இரு நிழல்களையும் பெருக்கினால் 144, அதாவது பன்னிரண்டின் வர்க்கம் வரும். ஒன்று கூடும் அளவுக்கு மற்றொன்று குறைகிறது.

அரபு வானியலார் தரையில் விழுவதை 'ளில்லு மப்ஸூத்', விரிந்த நிழல் என்றனர். சுவரில் விழுவதை 'ளில்லு மஃகூஸ்', திருப்பப்பட்ட நிழல் என்றனர். முன்னது கோடேன்ஜென்ட், பின்னது டேன்ஜென்ட். லத்தீனில் இவை அம்ப்ரா ரெக்டா, அம்ப்ரா வெர்ஸா என்றாயின. 'அம்ப்ரா' என்றாலும் நிழல்தான். உஸ்துர்லாப் கருவியின் பின்புறத்தில் காணப்படும் நிழற்சதுரத்தில் இவ்விரண்டு அளவுகளும் அடுத்தடுத்த பக்கங்களில் பொறிக்கப்பட்டிருக்கும்.

முளை என்பது கோலைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்ததேயன்றி வேறில்லை. கதிர் தரையோடு 30 பாகைக் கோணம் செய்தால், செங்குத்தோடு எஞ்சிய 60 பாகையைச் செய்யும். இப்படி இரண்டும் சேர்ந்து 90 ஆகும் கோணங்களை நிரப்புக் கோணங்கள் என்கிறோம். ஒரு கோணத்தின் கோடேன்ஜென்ட்டும் அதன் நிரப்புக் கோணத்தின் டேன்ஜென்ட்டும் ஒன்றாயிருப்பதன் காரணம் இதுதான். 'கோ' என்ற அந்த முன்னெழுத்து நிரப்பு என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் சுருக்கமே. தொடுவது என்ற பொருளில் 'டேன்ஜென்ட்' என்ற பெயரை டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஃபின்கே 1583இல் வழங்கினார். ஆங்கிலேயரான எட்மண்ட் கண்டர் 1620இல் அதற்கு நிரப்பாகக் 'கோடேன்ஜென்ட்' என்ற பெயரைச் சேர்த்தார். வட்டத்தைத் தொடும் கோட்டை எண்ணி இட்ட பெயர் என்பதால் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் நிழல் என்றிருந்தபோது ஒரு சிறுவனும் கண்டு புரிந்துகொள்ளக்கூடியதாயிருந்த ஒன்று, பெயர் மாறிய பின் மனனம் செய்யவேண்டிய ஒன்றாகிவிட்டது என்ற எண்ணம் நமக்கு உண்டு.

சைன் என்ற சொல்லின் கதை இதைவிட வேடிக்கையானது, பலரும் அறிந்ததே. வில்லின் நாண் என்ற பொருளுள்ள வடமொழி 'ஜீவா' அரபியில் 'ஜீபா' என எழுதப்பட்டது. உயிர்க்குறி இல்லாத அந்த எழுத்துகளைப் பின்வந்தோர் 'ஜைப்' என்று வாசித்தனர். ஆடையின் மார்புப் பிளவு, மடிப்பு என்பது அதன் பொருள். லத்தீன் மொழிபெயர்ப்பாளர் அப்பொருளை அப்படியே பெயர்த்து 'ஸைனஸ்' என்றனர். அந்த ஜைப்தான் உருது வழியே நம் சட்டையில் ஜேப்பு ஆனது. ஜேப்படித் திருடன்வரை வந்துவிட்டது. நிழலின் பெயருக்கு இத்தகைய தடுமாற்றம் நேரவில்லை. அது எந்த மொழியிலும் நிழலாகவே இருந்தது.

இக்கணக்கை வளர்த்தவர்களைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹபஷ் அல்ஹாஸிப் நிழல் அட்டவணைகளைக் கணித்தவர்களுள் முன்னோடி. ரக்காவில் நாற்பதாண்டுக் காலம் வானை நோக்கிய அல்பத்தானீ (மறைவு 929) பன்னிரண்டு விரல் கோலுக்கு ஒவ்வொரு பாகைக்கும் உரிய விரிந்த நிழலை அட்டவணையாகத் தந்தார். இன்றைய சொல்லில் அது கோடேன்ஜென்ட் அட்டவணை. அபுல்வஃபா அல்பூஸ்ஜானீ (940–998) இந்நிழல்களை வட்டத்தோடு பொருத்தி வரையறுத்தார். நஸீருத்தீன் தூஸீ (1201–1274) முக்கோணவியலை வானியலின் துணைக்கருவி என்ற நிலையிலிருந்து பிரித்துத் தனிக் கலையாக எழுதிவைத்தார்.

நிழலுக்கென்றே ஒரு முழு நூலை யாத்தவர் அல்பீரூனீ (973–1048). 'இஃப்ராதுல் மகால் ஃபீ அம்ரிள் ளிலால்' என்பது அதன் பெயர். நிழலின் மொழிப் பொருளிலிருந்து தொடங்கி, அளவுக் கோல்கள், இருவகை நிழல்கள், அவற்றின் கணக்கு என்று நடந்து, தொழுகை நேரங்களுக்கு வந்து சேரும் நூல் அது. கோலைப் பன்னிரண்டு விரலாகப் பிரிப்பது ஒரு வழக்கம். இந்திய வானியலின் சங்கும் பன்னிரண்டு அங்குலமே. மனிதனின் உயரம் அவனுடைய பாதத்தால் ஏறக்குறைய ஏழு என்று கொண்டு ஏழாகப் பிரிப்பது இன்னொரு வழக்கம். இரண்டாவது வழக்கத்தின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை: பாலைவனத்தில் தனியே நிற்கும் பயணிக்குக் கோலும் வேண்டா, அளவுகோலும் வேண்டா. தன் நிழலைத் தன் பாதத்தால் அளந்து, நடுப்பகலில் இருந்ததைவிட ஏழு பாதம் கூடிவிட்டதா என்று பார்த்தால் போதும். அவன் அறியாமலே ஒரு கோடேன்ஜென்ட்டை அளந்துவிடுகிறான்.

நடுப்பகல் நிழலைச் சேர்க்கக் கூடாது என்று ஃபகீஹுகள் ஏன் வலியுறுத்தினர் என்பதும் கோணத்தை அறிந்தால்தான் முழுமையாக விளங்கும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் கஅபாவின் அருகில் இரு நாட்கள் நபி (ஸல்) அவர்களுக்குத் தொழுவித்து நேரங்களைக் கற்பித்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முதல் நாள் ளுஹரின்போது நிழல் செருப்பு வார் அளவே இருந்தது என்று அதில் வருகிறது. சூரியன் மக்காவின் உச்சியை ஒட்டி நிற்கும் பருவத்தில் அது நிகழ்ந்ததையே அச்சொல் குறிக்கிறது என்று உரையாசிரியர்கள் கூறுவர். அத்தகைய நாளில் நடுப்பகல் நிழல் என்று பிரித்துச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் அதே மக்காவில் டிசம்பர் பிற்பகுதியில் நடுப்பகலிலேயே பொருளின் நிழல் பொருளின் அளவை எட்டிவிடுகிறது. டமாஸ்கஸில் அந்நாளில் நடுப்பகல் நிழலே ஒன்றரை மடங்கு. அங்கே 'நிழல் ஒரு மடங்கு' என்பதைச் சொல்லளவில் மட்டும் எடுத்துக்கொண்டால், ளுஹர் வருமுன் அஸர் வந்துவிடும். நண்பகலுக்குப் பின் திரும்பி வளரும் நிழலுக்கு 'ஃபைஉ' என்று அரபுமொழி தனிச் சொல்லே வைத்திருக்கிறது. மடங்கு கணக்கிடப்பட வேண்டியது அந்த வளர்ச்சிக்கே.

எனவே அஸரின் இலக்கணத்தைக் கணிதமாக எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும்: அஸர் வேளையில் சூரிய உயரத்தின் கோடேன்ஜென்ட், நடுப்பகல் உயரத்தின் கோடேன்ஜென்ட்டைவிட ஷாஃபிஈ மத்ஹபில் ஒன்று கூடியது, ஹனஃபீ மத்ஹபில் இரண்டு கூடியது. ஹனஃபீ இமாம்களுள் அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் ஒன்று என்ற கருத்தையே கொண்டனர் என்பதும் நினைவிருக்கட்டும். நடுப்பகல் உயரத்தை அறிவதும் கடினமன்று. ஊரின் அட்சத்துக்கும், அன்றைய சூரியனின் விலக்கத்துக்கும் உள்ள வேறுபாடே உச்சியிலிருந்து சூரியன் விலகி நிற்கும் கோணம். அரபுக் கிதாபுகள் அவற்றை அர்ளு, மைல் என்கின்றன. விலகல் கோணம் உயரத்தின் நிரப்புக் கோணமாதலால், அதன் டேன்ஜென்ட்டை எடுத்தால் நடுப்பகல் நிழல் கிடைத்துவிடும். சுவர்முளைப் பாடம் இங்கே கைகொடுக்கிறது.

சென்னையை எடுத்துக்கொள்வோம், அட்சம் 13.1 பாகை வடக்கு. ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சூரியன் அங்கே நேர் உச்சியில் வருகிறது. நடுப்பகல் நிழல் இல்லை. ஆகவே ஷாஃபிஈ அஸர் சரியாக 45 பாகையில். ஹனஃபீ அஸர் 26½ பாகையில். டிசம்பர் 21ஐ ஒட்டிச் சூரியன் தெற்கே 23.4 பாகை சென்றிருக்கும். உச்சியிலிருந்து விலகல் 36½ பாகை. ஒரு மீட்டர் கோலின் நடுப்பகல் நிழல் 74 சென்டிமீட்டர். ஷாஃபிஈ அஸருக்கு நிழல் 1.74 மீட்டர் ஆகவேண்டும். அப்போது சூரியன் 30 பாகையில். ஹனஃபீ அஸருக்கு 2.74 மீட்டர், 20 பாகை. மாணவர்கள் நம்பியிருந்த 45 பாகையை அன்றும் பிடித்துக்கொண்டு நின்றால், பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பே பாங்கு சொல்லிவிடுவோம். உண்மையான அஸர் 3.22க்குத்தான் வருகிறது. ஜூன் மாதத்திலோ சூரியன் சென்னைக்கு வடக்கே சென்றுவிடுவதால் நடுப்பகல் நிழல் தெற்கே விழும், 18 சென்டிமீட்டர். திசை மாறினாலும் கணக்கு மாறாது.

நம்மிடையே வழங்கும் இன்னொரு கணக்கையும் இங்கே சோதிக்கலாம். ஷாஃபிஈ நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டினால் ஹனஃபீ நேரம் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். உயரக் கோணத்தை நேரமாக மாற்றிப் பார்த்தால், சென்னையில் மார்ச், செப்டம்பர் மாதங்களின் 20ஆம் தேதிகளை ஒட்டி அந்த இடைவெளி 62 நிமிடம். இதிலிருந்துதான் அந்த வழக்கு தோன்றியிருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் அது 49 நிமிடமாகச் சுருங்குகிறது. அப்போது ஒரு மணி நேரம் கூட்டினால் சற்றுத் தாமதம், அவ்வளவே. ஏப்ரல் கடைசியிலோ அது 76 நிமிடம். அந்நாளில் ஒரு மணி நேரம் கூட்டித் தொழுபவர், தாம் பின்பற்றும் கருத்தின்படி நேரம் நுழைவதற்குப் பதினாறு நிமிடம் முன்பே தக்பீர் கட்டிவிடுகிறார். நேரம் நுழைந்திருப்பது தொழுகைக்கு ஷர்த்து என்று அவரே பிறருக்குப் பாடம் சொல்பவராகவும் இருக்கக்கூடும்.

ஒரு நகரத்தின் அட்டவணையை அச்சிட்டு, மற்ற ஊர்களுக்கு இத்தனை நிமிடம் கூட்டுக, இத்தனை நிமிடம் குறைக்க என்று அடியில் குறிப்பது நம் நாட்காட்டிகளில் காணப்படும் ஒரு முறை. கிழக்கு மேற்கு வேறுபாட்டுக்கு அது பொருந்தும். தீர்க்கரேகை ஒரு பாகை நகர்ந்தால் நான்கு நிமிடம், ஆண்டு முழுவதும் அதே. வடக்கு தெற்கு வேறுபாட்டுக்குப் பொருந்தாது. ஏனெனில் அட்சம் நடுப்பகல் நிழலின் வழியே கணக்கில் நுழைகிறது. நடுப்பகலிலிருந்து ஷாஃபிஈ அஸர்வரை உள்ள கால அளவை மட்டும் ஒப்பிட்டால், குமரிமுனையில் அது சென்னையைவிட ஜூன் கடைசியில் ஒரு நிமிடம் கூடுதல். டிசம்பர் கடைசியில் ஐந்து நிமிடம். ஏப்ரல் கடைசியில் ஏழு நிமிடம். ஒற்றை எண்ணால் இதை நிரப்ப முடியாது. அந்தந்த ஊருக்குத் தனியே கணிக்க வேண்டும். இன்று கணிப்பொறி அதை ஒரு நொடியில் செய்துவிடுகிறது. ஆனால் எந்த மத்ஹபின் மடங்கு, எந்த ஊரின் அட்சம் என்று அதற்குச் சொல்லவேண்டியவர் நாமே. டமாஸ்கஸின் உமவீ பள்ளிவாசலில் முவக்கித் என்ற நேரக் கணிப்பாளராகப் பணியாற்றிய இப்னுஷ் ஷாத்திர், ஹிஜ்ரி 773இல் அதன் மினாராவில் ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தைச் செதுக்கி வைத்தார். அதன் கோடுகள் டமாஸ்கஸுக்கு மட்டும் உரியவை என்பது அவருக்குத் தெரியும். நம் சுவரில் தொங்கும் தாளுக்கும் அதே விதிதான்.

நிழலைக் கையால் அளக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. சூரியன் ஒரு புள்ளியன்று. அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆதலால் நிழலின் நுனி மங்கலாகவே முடியும். கருநிழலும் வெளிச்சமும் கலக்கும் அப்பட்டையின் நடுவைக் குறித்துக்கொள்ள வேண்டும். தரை ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் மாலை நிழலில் பிழை பெரிதாகும். ஒரு தட்டில் நீர் ஊற்றி மட்டம் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த மாணவருக்கு நாம் கொடுத்த வீட்டுக் கணக்கை இங்கே குறிப்பிட்டு நிறுத்துகிறோம். ஒவ்வோர் ஆண்டும் மே 28ஐ ஒட்டியும் ஜூலை 16ஐ ஒட்டியும் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் வருகிறது. நம் நேரப்படி முதலாவது பிற்பகல் 2.48, இரண்டாவது 2.57. மக்காவில் அக்கணம் கோடேன்ஜென்ட் பூச்சியம். சென்னையில் நட்ட கோலுக்கு அப்போது நிழல் உண்டு. அதன் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கினால் கிப்லா. இதைப் பலரும் அறிவர். அந்நிழலின் நீளத்தை அளந்தவர் குறைவு. ஒரு மீட்டர் கோலுக்கு அது 82 சென்டிமீட்டர் இருக்கும். 0.82ஐ டேன்ஜென்ட்டாக உடைய கோணம் 39.4 பாகை, உச்சியிலிருந்து சூரியன் நமக்கு விலகி நிற்கும் கோணம் அது. சூரியன் கஅபாவின் உச்சியில் நிற்பதால், பூமியின் மேற்பரப்பில் நமக்கும் கஅபாவுக்கும் இடையே உள்ள கோணமும் அதுவே. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் ஏறத்தாழ 4,380 கிலோமீட்டர். மே மாதம் வானம் மேகமின்றி இருந்தது. அவர் அளந்து வந்த நிழல் 81 சென்டிமீட்டர்.